பாக்கியத்தின் முழங்காலும் சாந்தியின் சோறும்

வீங்கிச் சிவந்த முழங்காலைக் காட்டி, “இது கவுட்தானே டொக்டர்?” என்று கேட்கும் இளம் டொக்டர்மாரைக் கண்டால் எனக்கு இன்னும் சுருக்கென்று கோபம் வரும். யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கவுட்டாக இருந்தால் நல்லது, ராசா. இல்லாவிட்டால்? அந்த ‘இல்லாவிட்டால்’ பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்று மாத்தளை டவுனில் ஒரு மேல்மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். பேச ஆள் கிடைத்தால் டொக்டர் அம்மா லேசில் விடமாட்டார் என்று என்னோடு வேலை செய்த தாதி மிஸிமார் சொல்லிச் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும். ஆள் கிடைப்பதே அபூர்வமாகிவிட்டது.

இளம் டொக்டர்மாரான உங்களில் சிலர் சீக்கிரமே ஒரு சின்ன ஆஸ்பத்திரியைத் தனியாகப் பார்க்கப் போவீர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் படிக்கும் காலத்தில் பக்கத்தில் எப்போதும் ஒருவர் நிற்பார். நீங்கள் பிழையாகச் சொன்னால் திட்டுவார், சரியாகச் சொன்னாலும் திட்டுவார். அந்தத் திட்டு எவ்வளவு பெரிய துணை என்பது அது இல்லாத இடத்துக்குப் போனபிறகுதான் விளங்கும். எல்கடுவப் பக்கத்து மலையில் நான் இருந்த ஆஸ்பத்திரியில் இரண்டு வாட்டு, மூன்று மிஸிமார், ஓர் அம்புலன்ஸ், பிறகு நான். பகல் முழுக்க ஊர்பட்ட சனம் என்னிடம் வந்து தங்கள் வலியைச் சொல்லும். பின்னேரம் குவாட்டர்ஸ் கதவைத் திறந்து உள்ளே போனால் சுவர்க்கடிகாரச் சத்தம் மட்டும்தான். ஒரு முட்டையை அவித்து, பாணோடு நின்றுகொண்டே தின்றுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைப்பேன். தனக்காக மட்டும் சமைக்கிறவர்களுக்குத் தெரியும், உட்கார்ந்து சாப்பிடவே மனசு வராது.

பாக்கியம் வந்தது ஒரு காலை நேரம். ஒரு கதிரையில் உட்காரவைத்தபடியே தேயிலை எஸ்டேட் லொறியில் கொண்டு வந்து இறக்கினார்கள். எழுபதைத் தாண்டிய மனுஷி, கொழுந்தெடுத்துப் பென்சன் வாங்கியவர். புருஷன் இறந்து பல வருடம். ஒரே மகன் எஸ்டேட்டில் தொழிலாளியாகப் பேர் போடாமல் கொழும்பில் ஒரு கடைக்குப் போய்விட்டான். லயத்தில், தோட்டத்து வரிசைவீட்டின் ஒற்றை அறைக் காம்பராவில், தனியாக இருந்தார். முதல் நாள் காலையிலிருந்து அவருடைய காம்பராக் கூரையில் புகை வரவில்லை என்று பக்கத்துக் காம்பராக்காரி கவனித்துக் கதவைத் தள்ளியிருக்கிறாள். அடுப்படியில் கிடந்திருக்கிறார், காலை ஒரு அங்குலம் நகர்த்த முடியாமல்.

வலது முழங்கால் பப்பாளிப்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. தொட்டால் கொதித்தது. காய்ச்சல் வேறு. ஆளோ எலும்பும் தோலும். ஒரு பிளாஸ்டிக் பையில் அவருடைய குளிசைகள் இருந்தன. பிரஷருக்குச் சிறுநீர் போக்கும் குளிசை, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, யூரிக் அமிலத்தைக் குறைக்க ஒன்று.

“இது கவுட் பேசன்ட்தான் டொக்டர்” என்றார் பெரிய மிஸி. “டவுன்ல எங்கயோ காட்டி வருஷக்கணக்கா மருந்து எடுக்குது. கவுட் குளிசையையே கூட்டிக் குடுத்து ரெண்டு நாள் வச்சுப் பாப்பமே.”

மிஸி சொன்னதில் பிழையில்லை. பத்துப் பேரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நான் பயிற்சியில் இருந்தபோது எங்களை மேய்த்த பெரிய டொக்டர் ஒருவர் இருந்தார். முரட்டு ஆள், சிரித்துப் பார்த்ததில்லை. ஒற்றை மூட்டு திடீரென்று சூடாக வீங்கினால், அதற்குள் கிருமி இல்லை என்று ஊசி சொல்லும்வரை கிருமி இருப்பதாகவே நினை என்பார். நோயாளி ஏற்கெனவே கொண்டு வரும் நோய்ப் பெயரை நம்பாதே, அது இன்னொருவர் வைத்த பெயர் என்பார். அந்த மனிதரின் முகம்கூட எனக்கு இப்போது சரியாக ஞாபகமில்லை. குரல் மட்டும் காதுக்குள் இருக்கிறது.

ஊசி போட்டு முழங்காலிலிருந்து நீரை எடுத்தேன். தெளிவாக வந்திருந்தால் பிரச்சினையே இல்லை. வந்தது கஞ்சித் தண்ணீர் மாதிரிக் கலங்கல். அதிலே இருப்பது சீழா, வேறொன்றா என்று வெறுங்கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. தலைகீழாக நின்றாலும் முடியாது. சொல்ல முடியும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

அந்த ஊசிக்குழாயைக் கையில் பிடித்தபடி ஜன்னலருகே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை நான் மறக்கமாட்டேன். கிருமியாக இருந்தால் மூட்டு சில நாளில் அரித்துப்போகும், இரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. அவருக்கு ஒரு ஸ்டீரோயிட் ஊசியைப் போட்டு வலியைக் குறைத்தேன் என்று பெருமைப்பட்டால், கிருமிக்கு விருந்து வைத்தது போலாகும். கிருமி இல்லையென்றால், இந்த நோஞ்சான் உடம்பை வளைந்து வளைந்து போகும் பாதையில் குலுக்கிக்கொண்டு டவுனுக்கு அனுப்புவது சும்மா சித்திரவதை. மிஸி என் முகத்தைப் பார்த்தார். நான் யார் முகத்தைப் பார்ப்பது? டவுனில் எனக்குத் தெரிந்த டொக்டரின் போனோ எடுபடவில்லை. ஐயோ, அந்த நேரம் யாராவது ஒருவர் என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

தெரியாது என்று ஒத்துக்கொள்வதும் ஒரு முடிவுதான். நீரைப் பரிசோதனைக் குப்பிகளில் பிரித்து வைத்தேன். அது முடிந்த பிறகே கிருமிக்கான மருந்தை நரம்பில் ஏற்றச் சொன்னேன். அம்புலன்ஸை எடுக்கச் சொல்லிவிட்டு பாக்கியத்திடம் போய், டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன்.

“நான் போகல்லீங்க” என்றார்.

“போகாட்டி கால் போயிரும். உசுரும் போயிரும்.”

“போனா போவட்டும்.”

எனக்கு மூக்கின் நுனியில் கோபம். “இதென்ன கத்தரிக்காய் வியாபாரமா, வேணும் வேணாம்னு சொல்றதுக்கு?” என்று கத்திவிட்டேன். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கமாகவே பேசினார்.

“காம்பராவுல பூட்டு தொங்குனா போச்சுங்கம்மா. மகன் பேர் போடல. காம்பரா இல்லாம கொழுந்து புடுங்குற குடும்பங்க எத்தனையோ நிக்குது. வெளக்கு எரியாத காம்பராவ சும்மா விடுவாங்களா? நா திரும்பி வந்து எங்க போவேன்? கால வச்சுக்கிட்டு எங்க போயி நிப்பேன்?”

இதை நீங்கள் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. நோயாளி வேண்டாம் என்று சொன்னால் ‘விளக்கம் போதாது’ என்று எழுதுகிறோம், ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதுகிறோம். அந்த மனுஷிக்கு விளக்கம் எல்லாம் நன்றாகவே விளங்கியது. காலா, காம்பராவா என்று கணக்குப் பார்த்துக் காம்பராவைத் தேர்ந்தெடுத்திருந்தார். தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே உழைத்த ஆளுக்கு அந்த ஒற்றைக் காம்பராவை விட்டால் நிற்க இடமில்லை.

“கூட்டியாந்தது யாரு? பக்கத்துக் காம்பராக்காரியா? அவ வெளக்கு வைக்கமாட்டாளா?” என்று கேட்டேன்.

“அவகிட்ட கேக்காதீங்க” என்றார் அவசரமாக.

நான் கேட்கப் போனேன். அவள் பெயர் சாந்தி. நாற்பது வயதிருக்கும். கொழுந்தெடுக்கும்போது கட்டும் சாக்குப் படங்கை இடுப்பில் கட்டியபடியே லொறியில் ஏறி வந்திருக்கிறாள். ஆனால் வாட்டுக்குள் வரவில்லை, வெளியே கூரை விளிம்புக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

“உள்ள வாங்களேன்.”

“பரவால்லீங்க, இங்கனயே நிக்கிறேன். பொழைச்சுக்குமா?”

“டவுனுக்குப் போனா பொழைச்சுக்கும். காம்பராவ நெனைச்சுப் போகமாட்டேங்குது. நீங்க வெளக்கு வைப்பீங்களா?”

மழைத்தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என் கையால ஆக்குன சோறு அவங்களுக்கு ஆகாதுங்க” என்றாள். “அந்தக் காலத்துல என்ன ஆக்கினாலும் ஒரு தட்டு அங்க போகும். என் புள்ளைங்க ரெண்டும் அவங்க மடியில வளந்துச்சு. ஒரு நாள் தட்ட வாங்கல. வேணாம்னாங்க. சரின்னு மறுநாளும் கொண்டு போனேன். அப்பவும் வேணாம். தீபாவளி அன்னைக்கும் வேணாம். ஏன்னு கேட்டா வாயத் தொறக்கல. அவங்க ஆளுங்க வேற, நாங்க வேறங்க. அது இத்தன வருஷம் இல்லாம அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு போல.”

தோட்டத்தில் சோற்றை மறுப்பது என்றால் என்னவென்று உங்களில் டவுனில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித்தான் ஆகவேண்டும். சண்டை போடலாம், தண்ணீர்ப் பீலியில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசலாம், அடுத்த வாரம் சேர்ந்துகொள்வார்கள். தட்டை வேண்டாம் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உன் சாதிக்காரி கை பட்டதை நான் தின்னமாட்டேன் என்பது அது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்கள், மன்னிக்கவும் மாட்டார்கள்.

“வெளக்கு வைக்கிறேன்னு சொல்லுங்க” என்றாள் சாந்தி கடைசியில். “கூட்டித் தெளிக்கிறேன். அடுப்புலயும் கொஞ்சம் பொகை போட்டு விடுறேன், ஆள் இருக்குன்னு தெரியட்டும். நான்னு சொல்லாதீங்க. மேல் லயத்து யாரோன்னு சொல்லிருங்க.”

அம்புலன்ஸில் ஏற்றும்போது பாக்கியத்திடம், விளக்கு வைக்க ஆள் இருக்கிறது என்றேன். யார் என்று கேட்டார். சாந்தி சொல்லிக்கொடுத்தபடியே மேல் லயத்து யாரோ என்றேன். அவர் என்னை நம்பவில்லை என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் ஏறினார்.

பெரியாஸ்பத்திரியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அந்த வேலையை உங்களுக்கு நான் கற்றுத்தரத் தேவையில்லை. நீரில் கிருமி முளைக்கவில்லை. ஒரு குப்பியைக் கண்டிக்கு அனுப்பி நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். கவுட்டில் இருக்கும் ஊசி போன்ற யூரிக் அமிலப் பளிங்குகள் அதில் இல்லை. குட்டையாய், கட்டை முனையோடு வேறு பளிங்குகள் இருந்தன. கல்சியம் பைரோபொஸ்பேற். எக்ஸ்ரேயில் முழங்கால் குருத்தெலும்புக்குள் சோக்கட்டியால் கோடு இழுத்தது போல மெல்லிய வெள்ளை வரி. சூடோகவுட். கவுட் மாதிரியே வேஷம் போட்டு வரும் வேறு நோய். பளிங்கு தெரிந்த உடனேயே ஸ்டீரோயிட்டைப் போட்டுவிடலாம் என்று அங்கே ஒரு சின்ன டொக்டர் துள்ளியிருக்கிறார். ஆனால் பளிங்கும் கிருமியும் ஒரே மூட்டில் சேர்ந்தே குடியிருக்கலாம். கிருமி முளைக்கிறதா என்று பார்த்து முடியும்வரை அங்கிருந்த பெரிய டொக்டர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அந்தக் காத்திருப்புத்தான் வைத்தியம். அதற்குப் பிறகே மூட்டுக்குள் ஊசி போட்டார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்ததால் வலிக்குளிசைப் பக்கமே போகவில்லை. சில நாளில் பாக்கியம் சுவரைப் பிடித்து நடந்தார்.

பளிங்கு ஏன் படிந்தது என்று கேட்காமல் விட்டால் பாதி வேலைதான் செய்திருப்பீர்கள். பெரும்பாலும் வயதுதான் காரணம், தேய்ந்த மூட்டுத்தான் காரணம். ஒரு காய்ச்சலோ சத்திரசிகிச்சையோ வந்து போனால் சும்மா கிடந்த பளிங்கு திடீரென்று கிளம்பி ஆடும். சிலருக்குக் கழுத்தில் இருக்கும் பாராதைரொயிட் சுரப்பியில் கோளாறு இருக்கும், சிலருக்கு உடம்பில் இரும்பு கூடியிருக்கும். பாக்கியத்துக்கு இரத்தத்தில் மக்னீசியம் அடிமட்டத்தில் இருந்தது. சிறுநீர் போக்கும் குளிசை அதைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போயிருக்கும், வயிற்றெரிச்சல் குளிசை அது உடம்பில் சேர்வதைக் கொஞ்சம் தடுத்திருக்கும். இரண்டையும் மாற்றினார்கள். யூரிக் அமிலக் குளிசையை நிறுத்தினார்கள். அது அவருக்கு எந்தக் காலத்திலும் தேவைப்பட்டிருக்கவில்லை.

தேறியபிறகு சில நாள் பார்த்துக்கொள்ளும்படி என்னுடைய வாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவருக்கு இதையெல்லாம் சொன்னேன். கவுட் இல்லை பாக்கியம், இது வேறு சாமான் என்றேன். அப்போதுதான் கேட்டேன், ஏன் இப்படி மெலிந்து போயிருக்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று.

“கஞ்சிதாங்க. உப்புப் போட்டு. சில நேரம் ரொட்டி.”

“கறி?”

“கவுட்டுக்கு ஆகாதுன்னாங்களே. பருப்பு திங்காத, கருவாடு திங்காத, கீரை திங்காத, தக்காளி திங்காத, கத்தரிக்கா திங்காதன்னு. மருந்து குடுத்த எடத்துலயே சொன்னாங்க. நாங்க வேற என்னத்தங்க திங்கிறோம்?”

கவுட் உள்ளவருக்கே பருப்பையும் கீரையையும் இப்படி அள்ளி எறியத் தேவையில்லை. மக்னீசியம் எதில் இருக்கிறது? பருப்பில், கீரையில். இல்லாத நோய்க்குப் பத்தியம் இருந்து, இருக்கிற நோய்க்கு இந்த மனுஷி இத்தனை வருடம் தீனி போட்டிருக்கிறார். அது மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அதற்கும் பங்கு உண்டு என்று எவர் முன்னாலும் சொல்வேன்.

“இந்த நோய்க்குப் பத்தியமே கிடையாது” என்றேன். “எல்லாம் சாப்பிடுங்க. பருப்பு சாப்பிடுங்க, நெத்தலி சாப்பிடுங்க. உங்களுக்கு எந்தத் தடையும் இல்ல.”

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்ப அவ குடுத்த சோத்த நா சும்மாவா வேணாம்னேன்?”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் சாந்தியின் தட்டு ஞாபகம் வந்தது. “ஏன் வேணாங்கிறேன்னு சாந்திகிட்ட சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“சொன்னா எனக்குன்னு தனியா ஆக்குவாங்கம்மா. அவ கொணம் அப்படி. விடிஞ்சா வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுக்கு ஓடணும். நாள் பூரா மழையில நின்னு கொழுந்தெடுத்துட்டு வந்து, ரெண்டு புள்ளைக்கும் புருஷனுக்கும் ஆக்கி, அதுக்கு மேல இந்தக் கெழவிக்குப் பத்தியச் சோறு வேறயா? அதான் வாய மூடிக்கிட்டேன். ரெண்டு நாள் கோவிப்பா, பொறவு சரியாயிருவான்னு நெனச்சேன். அவ பேசவே இல்ல. புள்ளைங்களையும் அனுப்பல. நாம என்னா செஞ்சோம்னு ஒக்காந்து யோசிப்பேன். யோசிக்க யோசிக்க சொவரு தான் இருக்கும்.”

சாந்தி என்ன நினைத்தாள் என்று நான் சொன்னேன். கூரைக்குக் கீழே நின்று அவள் பேசியதைச் சொன்னேன், விளக்கு வைப்பது யார் என்பதையும் சொன்னேன். பாக்கியம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ, அப்படியா நெனச்சா? அடி பாவி, அப்படியாடி என்னைய நெனச்ச?” என்று அழுதார். நான் மற்ற வாட்டைப் பார்க்கப் போகவேண்டும், போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுநாளே டிஸ்சார்ஜ் துண்டு வெட்டச் சொல்லி அடம்பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். கையில் தடி, வாயில் ஒரே பேச்சு, சாந்தியைப் பார்க்கவேண்டும் என்று.

இரத்தம் சோதிக்க வரச்சொன்ன கிளினிக் நாளில் அவர் வரவில்லை. அடுத்த கிளினிக்குக்கும் வரவில்லை. முழங்கால் மறுபடி வீங்கியிருக்குமோ என்று எனக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை குவாட்டர்ஸில் இருந்து கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, இறங்கி நடந்து பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டேன். கீழ் லயத்தில் அவருடைய காம்பராக் கதவு திறந்துதான் இருந்தது. பக்கத்துக் கதவில் ஒரு பெரிய பூட்டு தொங்கியது.

பாக்கியம் அடுப்படியில் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தார். முழங்காலில் வீக்கமே இல்லை. சட்டியில் பருப்பு கொதித்தது, இன்னொன்றில் நெத்தலித் தீயல். ஓர் ஆளுக்கான சமையல் இல்லை அது.

“சாந்தி எங்க?”

“குவைத்துக்குப் போயிட்டாங்க. வீட்டு வேலைக்கு. நா ஒங்க வாட்டுல கெடக்கறப்பவே போயிட்டாளாம். நாள் முன்னமே குறிச்சிருக்கு, யாருட்டயும் சொல்லல. புருஷன் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு அவங்க ஆத்தா தோட்டத்துக்குப் போயிட்டான். போற அன்னைக்குங்கூட எனக்கு வெளக்கு வச்சுட்டுத்தான் வேன்ல ஏறுனாளாம். அந்தக் கடைசிக் காம்பரா பொண்ணுகிட்ட, நா வர்ற வரைக்கும் வைக்கச் சொல்லிட்டுப் போயிருக்கா.”

“பிறகு இதெல்லாம் யாருக்கு?” என்று சட்டியைக் காட்டினேன்.

“தெரியலீங்க. கை அள்ளி அள்ளிப் போட்டுருது. ஆக்கி எறக்குனப் பொறவுதான் தட்டு எங்க கொண்டு போறதுன்னு ஞாபகம் வருது.” அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “கிளினிக்குக்கு வர மனசில்லீங்க. கால் நல்லாத்தான் இருக்கு. நடந்து எங்க போறதுன்னுதான் தெரியல.”

கதவு நிலையில் கரியால் சாந்தியின் போன் நம்பர் எழுதியிருந்தது. அவள் புருஷன் போகும்போது எழுதிவிட்டுப் போனதாம். கூப்பிட்டீர்களா என்றேன். போனும் இல்லை, துணிச்சலும் இல்லை என்றார். எனக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது. போனை எடுத்து வட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். நெடுநேரம் அடித்தது. கட் செய்யப்போன நேரத்தில் எடுத்தாள், கிசுகிசுப்பாக. மேடம் பக்கத்து அறையில் இருக்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள் என்றாள். நான் யார் என்று மட்டும் சொல்லி, போனைப் பாக்கியத்தின் காதில் வைத்தேன். சத்தத்தை எனக்கும் கேட்கிற மாதிரிக் கூட்டிவிட்டேன். ஒட்டுக்கேட்பது நாகரிகமா என்று யாரும் கேட்க வேண்டாம், நானும் கேட்கவேண்டும் என்று தோன்றியது.

“சாந்தி… புள்ள… ஒன் சோத்த நா அதுக்கு வேணாங்கல புள்ள. கவுட்டு, திங்கக்கூடாதுன்னாங்க. ஒனக்கு வேல கூடிரும்னுதான் வாயத் தொறக்கல. சாமி சத்தியமா அதுக்கு இல்ல. இப்ப அந்தக் கவுட்டே இல்லங்கிறாங்க, அது வேறயாம்…”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“சாப்ட்டியா பெரியம்மா?” என்றாள் சாந்தி.

“இன்னும் இல்ல புள்ள. இப்பத்தான் எறக்கப் போறேன்.”

“சாப்பிடு. நெறையாப் போட்டுச் சாப்பிடு. நா பொறவு எடுக்கிறேன்.”

போன் நின்றது. பாக்கியம் அதை முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினார். வெளியே கொழுந்து மலையில் ஆளில்லை, ஞாயிறு.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ‘இதைச் சாப்பிடாதே’ என்று வாயெடுக்கும் முன் அந்த நோய் அதுதானா என்று ஊசி போட்டு உறுதி செய்யுங்கள். உறுதி செய்த பிறகும், அந்தச் சாப்பாட்டை அந்த ஆளுக்கு யார் கொடுக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முழங்காலுக்கு ஊசி இருக்கிறது. இவர்கள் இருவரும் சுவருக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக உட்கார்ந்திருந்த அந்த வருடங்களுக்கு என்னிடம் மருந்து ஏதும் இருக்கவில்லை.

புறப்பட எழுந்தேன். தோட்டத்து டொக்டர்மாரிடையே ஒரு பழக்கம் உண்டு, எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லித்தந்தது. லயத்துக்குப் போனால் ஒரு வீட்டிலும் கை நனைக்காதே, சாயத்தண்ணிகூட வேண்டாம், ஒரு வீட்டில் குடித்தால் பக்கத்து வீட்டில் மனஸ்தாபம் என்பார். அத்தனை வருடமும் நான் அதைக் காப்பாற்றி வந்தேன். இப்போதுதான் சாப்பிட்டேன், வயிறு சரியில்லை என்று சொல்வதற்கு எப்போதும் ஒரு சாட்டு தயாராக இருக்கும்.

“நீங்க சாப்ட்டீங்களாம்மா?” என்றார் பாக்கியம்.

அந்தக் கேள்வியை என்னிடம் யார் கடைசியாகக் கேட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. “ஆச்சு, சாப்பிட்டேன்” என்று வழக்கமான பொய் வாயில் வந்தது.

“ஒங்க மூஞ்சியப் பாத்தா சாப்ட்ட மாதிரி தெரியலயே.”

அவர் ஒரு தட்டை எடுத்தார். பீங்கான் உதிர்ந்த வெள்ளைத் தட்டு. கழுவி, முந்தானையால் துடைத்து, சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, நெத்தலியை ஓரத்தில் வைத்தார். என்னிடம் நீட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்வேனோ என்று பார்க்கிறார். நானும் அவர் பார்ப்பதைப் பார்த்தேன்.

தட்டை வாங்கிக்கொண்டு பலகைக்கட்டையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் மறுபடி அகப்பையோடு வந்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.